டூயல் ஸ்போர்ட் பைக்குகளை ஒப்பிடுவது எப்படி: அட்டவணை எண்கள் சொல்வதும் மறைப்பதும்

கேடிஎம் 500 இஎக்ஸ்சி-எஃப் பைக்கின் இஞ்சினுக்குள் இருப்பது ஒன்றரை லிட்டருக்கு மேற்படாத ஆயில். அதை 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது அதன் கையேடு. ஹோண்டா சிஆர்எஃப்300எல்லில் அதே வேலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் வரும். முன்னது, பந்தய வண்டிக்கு விளக்கும் நம்பர் பிளேட்டும் மாட்டியது. பின்னதைத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போய்வரலாம். விற்பனைப் பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன: டூயல் ஸ்போர்ட்.

வாங்க நினைப்பவர்கள் குழம்புவது இங்கேதான். சிசி, குதிரைத்திறன், விலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. தார்ச் சாலைக்கும் மண் தடத்துக்கும் ஒரே வண்டி என்றால் ஏதோ ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் எதை, எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுவதுதான் சரியான ஒப்பீடு.

## ஒரு பெயர், நான்கு வகை

சாலை பைக்கில் சைலன்சரை உயரத் தூக்கிக் கட்டி ‘ஸ்க்ராம்ப்ளர்’ என்று விற்ற காலம் ஒன்று உண்டு. 1968இல் வந்த யமஹா டிடி-1 அந்தக் கணக்கை மாற்றியது. 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது; மண்ணில் ஓடவென்றே வடிவமைத்து, சாலையில் ஓடத் தேவையானதையும் சேர்த்திருந்தார்கள். 1980இல் பிஎம்டபிள்யூ ஆர்80ஜி/எஸ் வந்தபோது பெரிய இரட்டை சிலிண்டர் இஞ்சினோடு நெடுந்தூரம் போகும் ‘அட்வென்ச்சர்’ கிளை பிரிந்தது. இன்று கடையில் நிற்பவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

1. எண்டூரோவுக்கு, அதாவது காட்டுத்தடப் பந்தயத்துக்கு, நெருக்கமானவை. கேடிஎம் 500 இஎக்ஸ்சி-எஃப், ஹோண்டா சிஆர்எஃப்450ஆர்எல் போன்றவை. எடை குறைவு, சஸ்பென்ஷன் உயர்தரம், பராமரிப்பு ஓயாது.
2. எளிய இலகு வண்டிகள். சிஆர்எஃப்300எல், கவாசாகி கேஎல்எக்ஸ் வரிசை, ஹீரோ எக்ஸ்பல்ஸ். திறன் அடக்கம், ஆயுள் அதிகம்.
3. பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகள். சுசுகி டிஆர்650எஸ், ஹோண்டா எக்ஸ்ஆர்650எல், கவாசாகி கேஎல்ஆர்650. பழைய வடிவமைப்பு, எங்கும் பழுது பார்க்கலாம், கனம் உண்டு.
4. அட்வென்ச்சர் பக்கம் சாய்ந்தவை. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 போன்றவை. கறாராகச் சொன்னால் இவை டூயல் ஸ்போர்ட் அல்ல. மண் சாலையும் போகக்கூடிய பயண வண்டிகள். ஆனால் வாங்குபவர் மனத்தில் எல்லாம் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

## இரண்டு தரைகள், எதிரெதிர் கோரிக்கைகள்

தார்ச் சாலை கேட்பது: வேகத்தில் நேராக நிற்கும் ஸ்டீயரிங், வழுவழுப்பான டயர், தாழ்ந்த இருக்கை, காற்றுத் தடுப்பு, பெரிய டேங்க், அதிராத இஞ்சின். மண் கேட்பது: சட்டென்று திரும்பும் ஸ்டீயரிங், கட்டை கட்டையான நாபி டயர், தரையிலிருந்து நல்ல உயரம், நீண்ட சஸ்பென்ஷன் அசைவு, ஒல்லியான உடல், குறைந்த எடை. ஏறக்குறைய ஒவ்வொன்றும் மற்றதற்கு எதிர். டேங்கைப் பெரிதாக்கினால் முழங்கால்களுக்கு நடுவே வண்டி பருத்துவிடும், எடையும் மேலே ஏறும். இருக்கையைத் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் அசைவை வெட்ட வேண்டும். இனி எண்களுக்கு வருவோம்.

## எடை: எந்த எடை?

முதலில் பார்க்க வேண்டியது கிலோ. அதற்கும் முன்னால், அது எந்தக் கிலோ என்பது. சில நிறுவனங்கள் பெட்ரோல், ஆயில், கூலண்ட் எல்லாம் நிரப்பிய ஓட்டத் தயாரான எடையைத் தருகின்றன. கேடிஎம் தருவது பெட்ரோல் இல்லாத எடை. பழைய விளம்பரங்களில் பேட்டரிகூட இல்லாத ‘உலர் எடை’ இருக்கும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.75 கிலோ. 10 லிட்டர் டேங்க் என்றால் 7.5 கிலோவும், கேஎல்ஆர்650இன் 23 லிட்டர் டேங்க் நிரம்பினால் 17 கிலோவும் சேரும். அதுவும் வண்டியின் உச்சியில்.

நிரப்பிய எடையில் சிஆர்எஃப்300எல் 142 கிலோ, டிஆர்650எஸ் 166 கிலோ, ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. சாலையில் இந்த 54 கிலோ வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சொல்லப்போனால் கனமான வண்டி பக்கக் காற்றில் அசையாமல் போகும். சரிவில் வண்டி கீழே விழுந்து, சக்கரம் மேட்டுப் பக்கமும் ஹேண்டில் பள்ளத்துப் பக்கமும் கிடக்கும்போதுதான் அது புரியும். ஒரு நாளில் முதல் தடவை யாரும் தூக்கிவிடலாம். ஆறாவது தடவைதான் சோதனை. தனியாகக் காட்டுத்தடம் போகிறவருக்கு, களைத்த நிலையில் தன்னால் தூக்க முடிகிற எடைதான் மேல்வரம்பு.

## இருக்கை உயரமும் சஸ்பென்ஷனும்

சிஆர்எஃப்300எல் 880 மி.மீ., சுசுகி டிஆர்-இசட்400எஸ் 935 மி.மீ. இந்த எண்களைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இது ஆள் உட்காராத உயரம். உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் பல சென்டிமீட்டர் இறங்கும். இருக்கை ஒல்லியாக இருந்தால் கால் நேராகத் தரைக்குப் போகும். அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அதே உயரத்தில் கால் எட்டாது. இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும் என்ற விதியும் மண்ணில் இல்லை. பிட்டத்தை ஒருபுறம் நகர்த்தி ஒரு காலை உறுதியாக ஊன்றினால் போதும்.

ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு ‘சாக்’ என்று பெயர். இதை அளக்காமல் எந்த வண்டியின் சஸ்பென்ஷனையும் நல்லது, கெட்டது என்று சொல்வது வீண். அளக்கும் முறை:

1. பின் சக்கரம் காற்றில் தொங்கும்படி வண்டியை நிறுத்தி, பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் குறித்த ஒரு புள்ளி வரை அளக்கவும். உதாரணமாக 600 மி.மீ.
2. வண்டியைத் தரையில் தன் எடையிலேயே நிமிர்த்தி நிறுத்தி, அதே இடத்தில் அளக்கவும். 570 வந்தால் வெறும் சாக் 30 மி.மீ.
3. ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஓட்டுபவர் ஏறி உட்கார, இன்னொருவர் அளக்கவும். 522 வந்தால் ஆள் சாக் 78 மி.மீ.

மொத்த அசைவில் ஆள் சாக் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 260 மி.மீ. அசையும் வண்டிக்கு மேற்கண்ட 78 சரி. அதிகம் இறங்கினால் ஷாக்கின் ப்ரீலோடு வளையத்தை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையத்தை, இறுக்க வேண்டும்.

முக்கியமான இடம் அடுத்தது. ப்ரீலோடை இறுக்கி ஆள் சாக்கைச் சரிக்கட்டிய பிறகு வெறும் சாக்கை மறுபடி அளந்து பாருங்கள். அது பத்து மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டால் ஸ்ப்ரிங் உங்கள் எடைக்கு மென்மை என்று பொருள். இன்னும் இறுக்கிப் பயனில்லை, ஸ்ப்ரிங்கையே மாற்ற வேண்டும். எளிய இலகு வண்டிகளில் இது அடிக்கடி நேரும். மெலிந்த ஓட்டுநரை மனத்தில் வைத்தே அவற்றின் ஸ்ப்ரிங் தேர்வாகிறது. சுமையும் சேர்ந்தால் ஒவ்வொரு குழியிலும் அடிதட்டும். 300 மி.மீ. அசைவு என்று அட்டவணையில் இருந்து என்ன பயன், ஏறி உட்கார்ந்ததுமே பாதி தீர்ந்துவிட்டால்?

உயரத்தைக் குறைக்க, பின் ஷாக்கோடு இணையும் ஷாக் லிங்க் என்ற இணைப்புத் துண்டை மாற்றுவது பலர் செய்யும் வேலை. பின்புறம் 30 மி.மீ. தாழ்ந்தால் முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்கையும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அதற்கேற்ப மேலே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் மந்தமாகும். சைடு ஸ்டாண்டையும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபுறம் சாயும். முழு அழுத்தத்தில் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனை செய்வதற்கு முன் இருக்கை நுரையைச் செதுக்கிப் பார்ப்பது செலவும் அபாயமும் குறைந்த வழி.

## சக்கரமும் டயரும்: உண்மையான பேரம் இங்கே

முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் என்பது மண் வண்டியின் அளவு. பெரிய முன் சக்கரம் கல்லிலும் பள்ளத்திலும் விழாமல் உருண்டு ஏறும். சிஆர்எஃப்300எல்லும் எக்ஸ்பல்ஸ் 200ம் இந்த அளவில்தான் இருக்கின்றன. ஹிமாலயனில் பின்னால் 17. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் 18 அங்குலத்துக்குக் கிடைக்கும் நாபி டயர்களின் வகை மிக அதிகம், அவற்றின் பக்கச்சுவரும் உயரம்.

டயர்களைச் ‘சாலை 50, மண் 50’, ‘90க்கு 10’ என்று பிரிப்பார்கள். இது விற்பவர் போடும் தோராயக் கணக்கு, அளவீடு அல்ல. இயங்கும் விதம் இதுதான்: கட்டைகளுக்கு இடையே இடைவெளி அதிகமானால் மண்ணைக் கவ்வும், சேற்றை உதறும். அதே கட்டைகள் தாரில் வளைந்து நெளியும், ஈரத் தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் பிரேக் தூரம் கூடும், தேய்மானமும் வேகம். இரு வண்டிகளை ஓட்டி ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒப்பிடுவது இரு டயர்களைத்தான். ஒன்றில் புது நாபியும் மற்றொன்றில் சாலை டயரும் இருந்தால் அந்தச் சோதனையின் முடிவுக்கு மதிப்பில்லை.

அடுத்தது காற்றழுத்தம். டியூப் உள்ள இலகு வண்டிக்குத் தோராயமாக:

- தார்ச் சாலை: 24 முதல் 29 பிஎஸ்ஐ. சரியான அளவு கையேட்டில்.
- சரளை, கெட்டி மண்: 18 முதல் 22.
- மணல், சேறு: 12 முதல் 15.

குறைத்தால் டயர் நீளமாகப் படிந்து பிடிப்பு கூடும். கூடவே இரண்டு ஆபத்துகளும் வரும். ஒன்று, கூரான கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். மற்றொன்று, வேகம் எடுக்கும்போது ரிம்முக்குள் டயர் வழுக்கிச் சுழன்று, டியூபையும் இழுத்துக்கொண்டுபோய் வால்வு தண்டைப் பிய்த்துவிடும். இதைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டியூபே மாற்ற வேண்டும். 15க்குக் கீழே ஓட்டுவதானால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் தேவை. வால்வு தண்டில் இருக்கும் சிறிய நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து வைத்துவிடுங்கள். டயர் நகரத் தொடங்கினால் தண்டு சாய்ந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். மண் முடிந்து தார் வந்ததும் காற்றை ஏற்றுவதற்குக் கையில் ஒரு பம்பு இல்லையென்றால் இறக்கவே வேண்டாம்; குறைந்த அழுத்தத்தில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெடும்.

## இஞ்சின்: குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள்

தளர்ந்த மண்ணில் எவ்வளவு திறன் பயன்படும் என்பதைப் பின் டயரின் பிடிப்புதான் முடிவுசெய்கிறது. மீதி சக்கரத்தை வெறுமனே சுழற்றும். பார்க்க வேண்டியது, நடை வேகத்தில் கிளட்சைத் தொடாமல் முதல் கியரில் ஊர்ந்து போகிறதா, திணறி அணைகிறதா என்பது. கனமான ஃப்ளைவீல் (இஞ்சினோடு சுழன்று வேகத்தைத் தக்கவைக்கும் சக்கரம்) உள்ள இஞ்சின் எளிதில் அணையாது. பந்தயப் பக்கம் சாய்ந்த இஞ்சின் துள்ளும், சட்டென்று அணையவும் செய்யும்.

முதல் கியர் வேகமாக இருக்கிறதென்றால் ஸ்ப்ராக்கெட் மாற்றுவது மலிவான மருந்து. முன்னால் 14, பின்னால் 40 பல் என்றால் விகிதம் 2.86. முன்னதை 13 ஆக்கினால் 3.08, அதாவது சுமார் 8 சதவீதம் தாழ்ந்த கியர். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் ஏறத்தாழ மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். அதே சாலை வேகத்துக்கு இஞ்சின் 8 சதவீதம் வேகமாகச் சுழலும், அதிர்வும் கூடும். வேக உணரி கியர்பாக்ஸில் இருக்கும் வண்டியில் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

பலரும் கேட்க மறக்கும் ஒன்று: பின் ஹப்பில் ரப்பர் குஷன் உண்டா? டிஆர்650எஸ்ஸில் உண்டு. பந்தய வழி வந்த கேடிஎம் இஎக்ஸ்சி வரிசையில் இல்லை. மண்ணில் சக்கரம் வழுக்குவதே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். தாரில் அந்த வழுக்கல் இல்லாததால் ஒவ்வொரு இழுப்பும் செயின் வழியாக நேராகக் கியர்பாக்ஸைத் தாக்கும்.

டேங்க்கையும் இங்கேயே கணக்கிடலாம். சிஆர்எஃப்300எல்லில் 7.8 லிட்டர். லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்தால் 234 கி.மீ. மணலில் அது 20க்கு இறங்கினால் 156தான். எப்போதும் கால் பங்கு பெட்ரோலை இருப்பாக வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

## பராமரிப்பும் அறிந்த பலவீனங்களும்

நீண்ட காலம் மாறாமல் வந்த வண்டிகளுக்கு ஒரு நன்மை உண்டு: அவற்றின் நோய்கள் எல்லாம் ஊரறிந்தவை.

- கேஎல்ஆர்650, பழைய தலைமுறை: இஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்சரின் செயினை இறுக்கும் லீவர் உடையும் தன்மையுள்ளது. ஓட்டுநர்கள் ‘டூஹிக்கி’ என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். உறுதியான மாற்று உதிரி தனியாகக் கிடைக்கிறது. பழைய வண்டி வாங்கினால் மாற்றியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.
- டிஆர்650எஸ்: இஞ்சினுக்குள் நியூட்ரல் உணரியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளரக்கூடும். கழன்று கியருக்குள் விழுந்தால் செலவு பெரிது; லாக் வயர் போட்டுக் கட்டுவது வழக்கம்.
- டிஆர்-இசட்400எஸ்: முன் ஸ்ப்ராக்கெட் நட் தளர்வது தெரிந்த குறை. இறுக்கும்போது திரெட் லாக் பசை தேவை.

ஏர் ஃபில்டரின் கணக்கு வண்டிக்கு வண்டி மாறாது, தூசிக்குத் தக்கபடி மாறும். முன்னால் போகும் வண்டியின் புழுதியில் ஒரு நாள் ஓட்டினால் அன்று மாலையே நுரை ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவ வேண்டும். ஆயில் இல்லாத நுரை மண்துகளைத் தடுக்காது.

## ஓட்டும்போது மாறுபவை

எழுந்து நிற்பது. நின்றால் புவியீர்ப்பு மையம் தாழும் என்று சொல்வார்கள். அது தவறு, உடல் மேலே போவதால் மையம் உயரத்தான் செய்கிறது. உண்மையான பயன் வேறு. எடை ஃபுட்ரெஸ்டுக்கு இறங்கி, முழங்கால் வளைந்து நிற்கும்போது வண்டி உடலுக்குக் கீழே தன்போக்கில் ஆடலாம். ஓட்டுநர் அதோடு சேர்ந்து ஆட வேண்டியதில்லை. நின்றபடி பிரேக், கிளட்ச் லீவர்களைப் பிடித்தால் மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்து லீவர்களைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.

வளைவு. தாரில் உடல் வண்டியோடு அல்லது அதற்கும் உள்ளே சாயும். தளர்ந்த மண்ணில் தலைகீழ்: வண்டியை உள்ளே சாய்த்து, உடலை நிமிர்த்தி, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டை மிதிக்க வேண்டும். அப்போது எடை டயரின் விளிம்புக் கட்டைகள் மேல் நேராக இறங்கி அவற்றை மண்ணுக்குள் அழுத்தும்.

பிரேக். மண்ணில் முன் பிரேக்கையே தொடாதே என்பது பாதி ஆலோசனை. நேராகப் போகும்போது மண்ணிலும் முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும். ஒரே இழுப்பாகப் பிடிக்காமல், ஃபோர்க் இறங்கும் வரை மெதுவாகப் பிடித்து, பிறகு அழுத்த வேண்டும். வளைவுக்குள் போன பின்தான் அது ஆபத்து. பின் ஏபிஎஸ்ஸை அணைக்க முடிகிறதா, சாவியைத் திருப்பினால் அந்தத் தேர்வு அழிகிறதா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். செங்குத்தான மண் இறக்கத்தில் ஏபிஎஸ் பின் சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிக்கும்போது வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும்.

தண்ணீர். எல்லையைத் தீர்மானிப்பது இஞ்சினின் உயரம் அல்ல, ஏர் பாக்ஸின் காற்று வாய் இருக்கும் உயரம். நடுவே வண்டி தண்ணீருக்குள் சாய்ந்து அணைந்துவிட்டால்:

1. செல்ஃப் பொத்தானைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும்.
2. வண்டியைக் கரைக்குத் தள்ளி, ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் உள்ளேயும் போயிருக்கலாம்.
3. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டையின் நேரே முகத்தை வைக்காமல், இஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.
4. ஃபில்டரைப் பிழிந்து, பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.
5. ஆயில் கண்ணாடியில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வீடு போய்ச் சேரும் வரை காத்திருக்காமல் கிடைக்கும் முதல் இடத்திலேயே மாற்றிவிட்டு, சிறிது ஓட்டிய பின் இன்னொரு முறையும் மாற்றுங்கள்.